பிரேதப் பரிசோதனைக்குச் சம்மதிக்கலாமா?



உற்சவங்களையும் பண்டிகைகளையும் பற்றிப் பேசும் இந்தப் பக்கங்களில் மரணத்தைப் பற்றி எழுதுவது சிலருக்கு அபசகுனமாகத் தோன்றலாம். ஆனால் பேசாமல் இருப்பதால் எதுவும் தள்ளிப்போவதில்லை. 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்திற்குப் பிறகு அமெரிக்காவிற்கு வந்த நம் முதல் தலைமுறையினர் இன்று எழுபதையும் எண்பதையும் தாண்டி நிற்கிறார்கள். ஊரிலிருந்து அழைத்து வந்த பெற்றோருக்குக் காரியங்களைச் செய்து முடித்தவர்கள், அடுத்தது நம் தலைமுறைதான் என்பதை உணரத் தொடங்கிவிட்டார்கள்.

நம்மில் பலருடைய கடைசி மூச்சு ஆஸ்பத்திரியில்தான் பிரிகிறது. அழுகை ஓயும் முன்பே ஓர் இளம் டாக்டர் அருகில் வந்து தயங்கியபடி ஒரு கேள்வி கேட்கக்கூடும்: "பிரேதப் பரிசோதனைக்கு அனுமதி தருவீர்களா?" பெரும்பாலான நம் குடும்பங்களிலிருந்து உடனே வரும் பதில், "வேண்டாம்." சில சமயம் அந்த டாக்டர் நம் சங்கடத்தை நினைத்துக் கேட்காமலேயே போய்விடுகிறார். அந்த "வேண்டாம்" சரியான பதில்தானா என்று நிதானமாக யோசிக்க ஏற்ற நேரம், யாருக்கும் ஒன்றும் ஆகாமல் இருக்கும் இப்போதுதான்.

இரண்டு வகைப் பரிசோதனை

முதலில் ஒரு தெளிவு வேண்டும். பிரேதப் பரிசோதனை இரண்டு வகை. விபத்து, கொலை, தற்கொலை, காரணம் தெரியாத திடீர் மரணம் ஆகியவற்றில் அரசாங்க அதிகாரி கட்டளையிட்டுச் செய்வது ஒன்று. அந்த அதிகாரியைச் சில இடங்களில் மெடிக்கல் எக்ஸாமினர் என்றும், சில இடங்களில் கரோனர் என்றும் சொல்கிறார்கள். இதற்குக் குடும்பத்தின் சம்மதம் தேவையில்லை. மற்றொன்று, ஆஸ்பத்திரியில் நோயால் இறந்தவருக்குக் குடும்பத்தின் சம்மதத்தோடு மட்டுமே செய்வது. மேலே சொன்ன கேள்வி இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

அதில் என்னதான் செய்கிறார்கள்? டாக்டர் முதலில் இறந்தவரின் மருத்துவக் குறிப்புகள் முழுவதையும் படிக்கிறார். உடம்பை வெளியே தலை முதல் கால் வரை பார்த்து எழுதிக்கொள்கிறார். பிறகு இரு தோள்களிலிருந்தும் நடு மார்புக்கு இறங்கி, அங்கிருந்து அடிவயிறு வரை கீறித் திறக்கிறார். ஒவ்வோர் உறுப்பையும் எடுத்து, எடை போட்டு, அறுத்துப் பார்க்கிறார். சிறு துண்டுகளை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதற்காகப் பாதுகாக்கிறார். அனுமதி இருந்தால் மூளையையும் பார்க்கிறார். முடிந்தபின் தையல் போட்டு மூடிவிடுகிறார்கள். முகத்தில் கீறல் கிடையாது. தலையைத் திறந்திருந்தாலும் அந்தத் தையல் முடியின் கீழ் மறைந்துவிடும். ப்யூனரல் ஹோமில் வேட்டியோ புடவையோ உடுத்தி, மாலை போட்டு, முகம் பார்த்துச் செய்யும் சடங்குகள் எதற்கும் தடை வருவதில்லை.

மேஜை அருகில் நிற்பது யார்?

இதைச் செய்பவர் யார் என்பதை நாம் அதிகம் யோசிப்பதில்லை. பயிற்சி ஆஸ்பத்திரிகளில் கத்தியைக் கையில் பிடித்திருப்பவர் பெரும்பாலும் பேத்தாலஜி ரெசிடென்ட், அதாவது மருத்துவப் பட்டம் பெற்று நோய்க்குறியியலில் மேற்பயிற்சி பெறும் இளைஞர் அல்லது இளம் பெண். மூத்த டாக்டர் அருகில் நின்று வழிநடத்துவார். நம் குழந்தைகளில் எத்தனை பேர் டாக்டர்கள் என்று கோயில் மண்டபத்தில் கேட்டால் எத்தனையோ கைகள் உயரும். அந்த ரெசிடென்ட் நம் பக்கத்து வீட்டுப் பெண்ணாகவே இருக்கலாம்.

இந்தப் பயிற்சி பொதுவாக நான்கு ஆண்டுகள். முடிப்பதற்குள் 50 பிரேதப் பரிசோதனைகள் செய்திருக்க வேண்டும் என்பது நெடுங்காலம் இருந்த விதி. அண்மை ஆண்டுகளில் அது 30 ஆகக் குறைக்கப்பட்டது. பல ஆஸ்பத்திரிகளில் 50 கிடைப்பதே அரிதாகிவிட்டது என்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். 1970களின் தொடக்கம் வரை, ஆஸ்பத்திரிகள் அங்கீகாரம் பெறத் தங்கள் இறப்புகளில் நூற்றுக்கு 20 அல்லது அதற்கு மேல் பிரேதப் பரிசோதனை செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. அது எடுக்கப்பட்டது. 1972ல் அமெரிக்காவில் நடந்த மரணங்களில் நூற்றுக்கு 19 அளவில் பரிசோதனை செய்யப்பட்டது; 2007ல் அது 9க்கும் கீழே வந்துவிட்டது. அதிலும் பெரும் பகுதி சட்டத்தின் கட்டாயத்தால் நடப்பவை. ஆஸ்பத்திரிகள் முக்கியமான மரணங்களில் அனுமதி கேட்க முயல வேண்டும் என்று மெடிக்கேர் விதிகளில் இருந்த வாசகமும் 2019ல் நீக்கப்பட்டது.

ஸ்கேன் கருவிகள் வந்தபின் இது எதற்கு என்று கேட்கலாம். 1983ல் பாஸ்டன் நகரின் ஒரு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. 1960, 1970, 1980 ஆகிய மூன்று ஆண்டுகளிலிருந்தும் நூறு நூறு பரிசோதனைகளை எடுத்துப் பார்த்தார்கள். இடையில் எத்தனையோ புதுக் கருவிகள் வந்துவிட்டன. ஆனாலும் மூன்று ஆண்டுகளிலும் நூற்றுக்குப் பத்து அளவில், முன்பே தெரிந்திருந்தால் சிகிச்சையை மாற்றி ஆயுளை நீட்டியிருக்கக்கூடிய பெரிய நோய் ஒன்று, இறந்த பிறகுதான் தெரிய வந்தது. கருவி காட்டியதைக் கருவியே சரிபார்க்க முடியாது. திறந்து பார்த்தவரால்தான் முடியும்.

2020ல் கொரோனா பரவியபோதும் இதையே கண்டோம். ஜெர்மனியில் பிரேதங்களைத் திறக்க வேண்டாம் என்று முதலில் ஆலோசனை கூறப்பட்டது. ஹாம்பர்க் நகர டாக்டர்கள் திறந்து பார்த்தார்கள். முதல் 12 பேரில் 7 பேருக்குக் கால் நரம்புகளில் இரத்தம் உறைந்திருந்தது; உயிரோடிருந்தபோது யாரும் அதைச் சந்தேகிக்கவில்லை. நால்வர் இறந்ததே அந்த உறைகட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்ததால்தான். இந்த உறைதலைக் கவனித்துத் தடுப்பது விரைவில் உலகெங்கும் கொரோனா சிகிச்சையின் ஒரு பகுதியாயிற்று.

நம் தயக்கங்கள்

இவ்வளவு பயன் இருந்தும் நாம் ஏன் மறுக்கிறோம்? நம் காரணங்கள் அற்பமானவை அல்ல. அவற்றை மரியாதையோடு பார்க்க வேண்டும்.

"உயிரோடு இருக்கும்போதே ஊசியும் குழாயுமாகப் பட்டது போதும், இனியாவது விட்டுவிடுங்கள்" என்பது ஒன்று. இது அன்பிலிருந்து பிறக்கும் சொல். ஆனால் வலி என்பது உயிருள்ளவருக்கே. அந்த நேரத்தில் நாம் தாங்க முடியாமல் தவிப்பது நம் வலியைத்தான். அது உண்மையான வலி என்பதில் சந்தேகமில்லை. எனினும் யாருடைய வலிக்காக மறுக்கிறோம் என்பதில் நமக்குத் தெளிவு வேண்டும்.

தகனம் தாமதமாகிவிடும் என்பது இன்னொன்று. பரிசோதனை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். இந்த நாட்டில் தகனத்திற்கு வேண்டிய பத்திரங்கள் கிடைக்கவும், ஊரிலிருந்து பிள்ளைகள் வந்து சேரவும் எப்படியும் இரண்டு மூன்று நாள் ஆகிறது. ஆகவே பல குடும்பங்களுக்கு இது உண்மையான தடையாக இருப்பதில்லை.

மூன்றாவது, உடம்பு புனிதமானது என்ற உணர்வு. உடம்பையே கோயிலாகக் கண்ட மரபு நம்முடையது. கூடு விட்டு ஆவி போனபின் உடம்பு வெறும் கட்டை என்று நிலையாமை பேசியதும் நம் மரபே. இவ்விரண்டையும் சேர்த்தே நாம் வளர்ந்திருக்கிறோம். ஆகவே சாஸ்திரத்தின் ஒரு பக்கத்தை மட்டும் காட்டி இந்தக் கேள்வியை முடித்துவிட முடியாது.

ஒன்று மட்டும் நினைவுபடுத்தலாம். சுச்ருத சம்ஹிதை, சல்லிய வைத்தியன் இறந்த உடலைப் பார்த்துக் கற்க வேண்டும் என்கிறது. உடலைப் புல்லால் சுற்றி, கூண்டில் வைத்து, ஓடும் நீரில் ஏழு இரவு ஊறவிட்டு, பின் வேரும் மூங்கிலும் கொண்டு செய்த தூரிகையால் தோலை அடுக்கடுக்காகத் தேய்த்து நீக்கி உள்ளே உள்ளவற்றைக் கண்ணால் காணும் முறையை அது விவரிக்கிறது. படிப்பாலும் கண்ணால் காண்பதாலும் சேர்ந்தே அறிவு வளரும் என்பது அதன் கருத்து. இடையில் தீட்டு என்ற எண்ணம் வலுத்து, அந்தக் கல்வி வழக்கொழிந்தது. 1836ல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா என்ற ஆயுர்வேத பண்டிதர், தம் சமூகத்தின் கட்டை மீறி, பிரேதத்தைத் தொட்டு அறுத்துக் காட்டியபோது அது மீண்டும் நம் நாட்டில் தொடங்கியது. ஆக, இது மேனாட்டார் நம் மேல் திணித்த வழக்கம் என்று சொல்வதற்கில்லை.

யாருடைய உடம்பு? யாருடைய சம்மதம்?

நான்காவது தயக்கம்தான் கடினமானது. "அப்பாவின் உடம்பை அறுக்கலாம் என்று சொல்ல நான் யார்?" என்று மகன் கேட்கிறான். சரியான கேள்வி. கண் தானத்தையும் சிறுநீரக தானத்தையும் பற்றி நம் சங்கங்கள் பேசிப் பேசி இன்று பலர் அட்டையில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். பிரேதப் பரிசோதனை பற்றி மட்டும் யாரும் உயிரோடிருக்கும்போது தம் விருப்பத்தைச் சொல்வதில்லை. அதனால் பாரம் முழுவதும் துக்கத்தில் தளர்ந்திருக்கும் மனைவி மேலோ பிள்ளை மேலோ விழுகிறது. துக்கத்தில் இருப்பவர் "வேண்டாம்" என்று சொல்வது இயல்பு. அது இறந்தவரின் விருப்பமா என்பது யாருக்கும் தெரியாமலே போகிறது.

சம்மதம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு மருத்துவத்தின் பழைய வரலாறே சாட்சி. 1989ல் ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டா நகரில், பழைய மருத்துவக் கல்லூரிக் கட்டடத்தைப் பழுது பார்த்தபோது தரைக்கடியில் ஆயிரக்கணக்கான மனித எலும்புகள் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவை கறுப்பின மக்களுடையவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவர்களுடைய கல்லறைகளை இரவில் தோண்டித் திருடி வந்து மாணவர்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறார்கள். இங்கிலாந்திலும், லிவர்பூல் நகரின் ஆல்டர் ஹே குழந்தைகள் ஆஸ்பத்திரியில், இறந்த குழந்தைகளின் உறுப்புகளைப் பெற்றோருக்குத் தெரியாமல் எடுத்து வைத்திருந்தது வெளியாகி, 2001ல் விசாரணை அறிக்கை வந்தது. அதன் விளைவாகவே 2004ல் அங்கே மனிதத் திசுச் சட்டம் பிறந்தது.

இந்தச் செய்திகளைப் படித்துவிட்டு, "பார்த்தீர்களா, இதற்குத்தான் வேண்டாம் என்கிறோம்" என்று சொல்வது எளிது. நமக்கு இதில் வேறொரு பாடம் தெரிகிறது. திருடியது தவறு, கற்றது தவறில்லை. கேளாமல் எடுத்தால் அது களவு, கேட்டுப் பெற்றால் அது தானம். நாம் மனமாரக் கொடுக்கும்போதுதான் டாக்டர்களின் கல்வி களவின் கறையில்லாமல் நடக்க முடியும்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நமக்கு இதய ஆபரேஷன் செய்த டாக்டரும், நம் கட்டியை மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் புற்றுநோய் இல்லை என்று சொன்ன டாக்டரும், முகம் தெரியாத யாரோ ஒருவரின் உடம்பில்தான் பாடம் படித்தார்கள். அந்த யாரோ ஒருவர் எந்த நாட்டுக்காரர், எந்த மதத்தவர் என்று நாம் கேட்டதில்லை; பயனை மட்டும் பெற்றுக்கொண்டோம். நம் பிள்ளை ரெசிடென்ட் ஆனபோது அவனுக்கும் வேறு யாரோ ஒரு குடும்பம் கண்ணீரோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. எல்லாக் குடும்பங்களும் நம்மைப் போலவே "வேண்டாம்" என்று சொன்னால் அவன் எங்கே கற்பான்? நம் பெரியவர்கள் தேவ கடன், ரிஷி கடன், பித்ரு கடன் என்று மூன்று கடன்களைச் சொன்னார்கள். அறிவைத் தந்தவர்களுக்குப் பட்டது ரிஷி கடன். கற்பதாலும் கற்பிக்க உதவுவதாலும்தான் அது தீரும். பெயர் தெரியாத அந்த இறந்தவர்களையும் நம் ரிஷிகளின் வரிசையில் வைப்பது தவறாகாது.

கற்காதவர் கையில்

கல்வி குறைந்தால் என்ன ஆகும் என்பதைச் சட்டம் சார்ந்த முதல் வகைப் பரிசோதனையில் தெளிவாகப் பார்க்கலாம். நம் உறவினர்கள் பலர் வாழும் டொராண்டோவில் ஒரு குழந்தைகள் பேத்தாலஜிஸ்ட் ஆண்டுக்கணக்கில் குழந்தைகளின் சந்தேக மரணங்களில் சாட்சி சொல்லி வந்தார். தடயவியல் பேத்தாலஜியில் அவர் முறையான பயிற்சி பெற்றவர் அல்ல. அவர் பார்த்த 45 மரணங்களை மற்ற நிபுணர்கள் மறு ஆய்வு செய்தபோது 20ல் அவருடைய முடிவு கேள்விக்குரியதாக இருந்தது. உடன்பிறந்தவரின் நான்கு வயது மகளைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்ட ஒருவர் 12 ஆண்டுகள் சிறையில் இருந்து, 2007ல் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். நீதிபதி கூட்ஜ் தலைமையிலான விசாரணையின் அறிக்கை 2008ல் வந்தது. அது சுட்டிய பெரிய குறைகளில் ஒன்று, பயிற்சி இன்மை.

அமெரிக்காவில் முழுநேரத் தடயவியல் பேத்தாலஜிஸ்டுகள் ஆயிரம் பேர்கூட இல்லை. ஒருவர் ஆண்டுக்கு 250 பரிசோதனைகளுக்கு மேல் செய்யாதிருப்பது நல்லது என்பது அவர்களுடைய தேசியச் சங்கத்தின் வரையறை. போதை மருந்தால் மட்டும் 2021ல் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோர் இறந்த நாட்டில் அந்த வரையறையைக் காப்பது கடினம். இந்தத் துறைக்கு வருபவர்கள் யாவரும் முதலில் சாதாரண ரெசிடென்டாகச் சில பத்துப் பரிசோதனைகள் செய்து, அதில் ஈடுபாடு கொண்டு வருபவர்களே. அந்த முதல் வாய்ப்பே கிட்டாதவர் இத்துறையைத் தேர்ந்தெடுக்க எந்தக் காரணமும் இல்லை.

நன்கு கற்ற ஒருவர் என்ன செய்ய முடியும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2002ல் பிட்ஸ்பர்க்கில், ஐம்பது வயதில் இறந்த புகழ்பெற்ற ஒரு கால்பந்து வீரரின் உடல் பரிசோதனைக்கு வந்தது. பார்த்தவர் நைஜீரியாவிலிருந்து குடியேறிய பென்னட் ஒமாலு என்ற இளம் டாக்டர். மூளை வெளிப்பார்வைக்குச் சாதாரணமாகவே இருந்தது. அத்துடன் நிறுத்தியிருக்கலாம். அவர் அதைப் பாதுகாத்து, தம் செலவிலேயே மேலும் ஆராய்ந்து, தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் சேதத்தைக் கண்டார். 2005ல் அதை வெளியிட்டார். இன்று நம் பேரப்பிள்ளைகள் பள்ளியில் விளையாடும்போது தலையில் அடிபட்டால் உடனே வெளியே உட்கார வைக்கிறார்களே, அந்த எச்சரிக்கை வளர்ந்ததில் அந்த ஒரு மேஜைக்கும் பங்கு உண்டு.

நாம் என்ன செய்யலாம்?

எல்லோரும் எப்போதும் "சரி" என்றே சொல்ல வேண்டும் என்பது நம் கருத்தல்ல. கட்டாயம் வந்தால் தானம் தன் பெயரை இழக்கும். மனம் ஒப்பாதவர் மறுப்பதில் பாவம் ஏதுமில்லை. ஆனால் அந்த மறுப்பு யோசித்துச் சொன்னதாக இருக்கட்டும்.

சம்மதிப்பவர்களும் எல்லாவற்றுக்கும் சம்மதிக்க வேண்டியதில்லை. நெஞ்சுப் பகுதி மட்டும், மூளை வேண்டாம், உறுப்புகளைத் திரும்ப உடலுக்குள் வைத்துத் தர வேண்டும் என்றெல்லாம் படிவத்தில் எழுதலாம். எவ்வளவு நேரம் ஆகும், எதையாவது வைத்துக்கொள்வார்களா, அறிக்கை எப்போது கிடைக்கும், செலவு உண்டா என்று தயங்காமல் கேளுங்கள். இறந்த ஆஸ்பத்திரியிலேயே செய்தால் பல இடங்களில் கட்டணம் இல்லை. வெளியே தனியாகச் செய்தால் சில ஆயிரம் டாலர்கள் ஆகும். முதல் முடிவு ஓரிரு நாளிலும், முழு அறிக்கை இரண்டு மாத அளவிலும் வரும். அந்த அறிக்கை குடும்பத்திற்கும் உரியது. நாற்பது வயதில் மாரடைப்பால் போன ஒருவரின் இதயத்தைப் பார்த்தவர் எழுதும் நாலு வரி, அவருடைய தம்பிக்கும் பிள்ளைகளுக்கும் சரியான நேரத்துச் சிகிச்சையாக அமையலாம்.

சட்டப்படி நடக்கும் பரிசோதனையிலும், கலிபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி போன்ற சில மாநிலங்களில் மத காரணத்தால் ஆட்சேபிக்க வழி உண்டு. ஆனால் குற்றம் பற்றிய சந்தேகமோ தொற்றுநோய் அபாயமோ இருந்தால் அதைத் தாண்டிச் செய்வார்கள். அப்படிச் செய்யும்போது அதை அவமதிப்பாகக் கருத வேண்டாம். பேச முடியாதவருக்காகச் சட்டம் ஒருவரைப் பேச வைக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைக்கு அநியாயம் நடந்திருந்தால் அதைத்தானே நாமும் கேட்போம்?

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் பேசுங்கள். உயில் எழுதும்போதும், மருத்துவ முடிவுகளுக்கு யார் பொறுப்பு என்று கையெழுத்திடும்போதும், "டாக்டர்கள் கேட்டால் சம்மதம் கொடுங்கள்" என்றோ "எனக்கு அது வேண்டாம்" என்றோ ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அந்த ஒரு வரி உங்கள் மனைவியின் அல்லது பிள்ளையின் மேலிருந்து பெரிய பாரத்தை இறக்கும். நம் சங்கத்தில் டாக்டர்கள் பலர் இருக்கிறார்கள். கேள்விகளை அவர்களிடம் கேளுங்கள். குருக்களிடமும் கேளுங்கள்.

சாம்பலாகிப் போகப் போகிற உடம்பு, அதற்கு முன் ஒரு நாள் ஓர் இளைஞருக்கு ஆசானாக இருக்கலாம். இருக்க வேண்டுமா என்று முடிவு செய்யும் உரிமை அந்த உடம்புக்குரியவருக்கே. உயிரோடிருக்கும்போதே அந்த உரிமையைப் பயன்படுத்திக்கொள்வோம்.